விளம்பரங்கள் நுகர்வோரை எவ்வாறு வாங்க வைக்கின்றன என்பதை வேலூரில் உள்ள எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

வேலூர்ப் பள்ளி என்கிறீர்கள். ஆடி மாதத்தில் வீடுகளுக்கு வரும் துணிக்கடை, நகைக்கடைத் துண்டறிக்கைகளை மாணவர்களையே கொண்டுவரச் சொல்லித் தொடங்குங்கள். சரிபார்க்கக்கூடிய தகவல் எது, ஆசையையோ அச்சத்தையோ தூண்டும் பகுதி எது என்று இரு நிறங்களில் அடிக்கோடிடச் செய்தால், நடிகையின் புன்னகையும் 'இன்றே கடைசி' என்னும் அவசரமும் பக்கத்தை நிறைத்திருக்க, செய்கூலி, சேதாரம் பற்றிய நிபந்தனைகள் அடியில் பொடி எழுத்தில் ஒதுங்கியிருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். (ஆசிரியர் இதை முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.) பழைய விலையை அடித்துவிட்டுப் புதிய விலையை அருகில் அச்சிடுவது, முதலில் கண்ட எண்ணையே அளவுகோலாகக் கொள்ளும் நம் மனப்போக்கைப் பயன்படுத்துகிறது, இதற்கு ஒரு முழு வகுப்பே ஒதுக்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதையும், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் இறுதியில் தெரிவியுங்கள்.