வேலை தேடுபவரிடம் சந்தா வாங்கலாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் நண்பரும் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, ஓட்டுநர், கடைச் சிப்பந்தி, வீட்டு வேலை போன்ற பணிகளைத் தேடுவோருக்காகப் பெங்களூரில் ஒரு செயலியை உருவாக்கி வருகிறோம். பதிவு செய்பவரிடம் மாதம் 99 ரூபாய் சந்தா வாங்கலாம் என்கிறார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தங்கள் கருத்து என்ன?
- வாசகர், அல்சூர்

பதில்: உங்கள் மனம் சொல்வதே சரி. மாதச் சந்தா வைத்தால், ஒருவருக்கு வேலை கிடைக்காத ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு வருமானம். வேலை கிடைத்த மாதத்தில் அது நின்றுவிடும். அப்படி ஒரு கணக்கின் மேல் கட்டப்படும் நிறுவனம், எவ்வளவு நல்லவர்கள் நடத்தினாலும், நாளடைவில் தன் பயனாளிக்கு எதிராகவே சாய்ந்துவிடும். தவிரவும், பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று சொல்லிப் பணம் பறித்துவிட்டு மறையும் போலி முகவர்களிடம் ஏற்கெனவே ஏமாந்தவர்கள், நீங்கள் கேட்கும் 99 ரூபாயையும் அதே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

1997இல் சஞ்சீவ் பிக்சந்தானி தொடங்கிய நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம், ஆட்களைத் தேடும் நிறுவனங்களிடமிருந்தே தன் வருமானத்தின் பெரும்பகுதியை ஈட்டி வளர்ந்தது. நீங்களும் அந்த வழியில் செல்லலாம். ஆனால் பணம் தருபவரின் வசதிக்கேற்பவே செயலி வளரும் என்பதால், வேலை தேடுபவருக்கான பாதுகாப்புகளை முதல் நாளிலேயே விதியாக எழுதி வைத்துவிடுங்கள். சம்பளத்தைக் குறிப்பிடாத விளம்பரத்தை ஏற்காதீர்கள். ஆள் கிடைத்ததும் விளம்பரத்தை நீக்கச் செய்யுங்கள். தேர்வாகாதவருக்கும் ஒரு வரியாவது பதில் போகட்டும். விண்ணப்பித்துவிட்டு வாரக்கணக்கில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதன் வேதனை, வேலையில் இருக்கும் நமக்கு எளிதில் மறந்துவிடுகிறது.

உங்கள் முயற்சிக்கு மிக நெருக்கமான முன்னோடி இதே ஊரில்தான் இருந்தது. 2007இல் ஷான் பிளாக்ஸ்வெட் இங்கே தொடங்கிய பாபாஜாப், ஓட்டுநர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் மனத்தில் வைத்து, குறுஞ்செய்தி, மிஸ்டு கால் போன்ற எளிய வழிகளைக் கையாண்டது. 2017இல் அதை இணைய விளம்பரத் தளமான குவிக்கர் வாங்கிக்கொண்டது. இத்துறையின் பெரிய சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு குடும்பம் ஓட்டுநரை அமர்த்தினால் அடுத்த சில ஆண்டுகளுக்கு உங்களைத் தேடி வராது. ஆனால் கடைகளும் கிடங்குகளும் மாதந்தோறும் ஆள் எடுக்கின்றன. ஆகவே நகரம் முழுவதையும் பிடிக்க முயலாமல், ஒரே பகுதியில், எடுத்துக்காட்டாக மாரத்தஹள்ளியில், ஒரே வகை வேலையோடு தொடங்குங்கள். பதிவுப் படிவத்தை நிரப்பச் சொல்வதைவிட, தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ இந்தியிலோ பேசினாலே போதும் என்று வைத்தால் பலருக்கும் தயக்கம் நீங்கும்.

கேள்வி: வரும் விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவே தரவரிசைப்படுத்தித் தருமாறு செய்யலாமா?
- வாசகி, எச்.எஸ்.ஆர். லேஅவுட்

பதில்: அமேசான் நிறுவனம் இதற்காகச் சோதனை முறையில் உருவாக்கிய ஒரு கருவி, பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது என்ற செய்தி 2018இல் வெளியானது. கருவியை உருவாக்குவதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்நிறுவனத்துக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அவற்றைக் கொண்டு பயிற்றுவித்ததால் கருவியும் அந்தச் சாய்வையே கற்றுக்கொண்டது. செய்தி வெளியாகும் முன்பே அத்திட்டம் கைவிடப்பட்டிருந்தது. நம் ஊரில் பெயர், முகவரி, படித்த கல்லூரி ஆகியவற்றிலிருந்தே சாதியையும் மதத்தையும் ஊகித்துவிட முடியும் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். திறன், அனுபவம், வேலையிடத்துக்கான தொலைவு ஆகியவற்றை மட்டும் பொருத்திக் காட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துங்கள். ஒருவரை நிராகரிக்கும் முடிவை மனிதரே எடுக்கட்டும்.

கேள்வி: பயனாளிகளின் பயோடேட்டாவைப் பயிற்சி நிலையங்களுக்கு விற்றுச் செலவை ஈடுகட்டலாமா?
- வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: கூடாது. வேலைக்காகத் தந்த விவரத்தை வேறு நோக்கத்துக்குக் கொடுக்க, 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவருடைய தெளிவான ஒப்புதல் வேண்டும். தந்த ஒப்புதலை அவர் திரும்பப் பெறவும் முடியும். ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழியிலோ படிக்கும் வாய்ப்பையும் அச்சட்டம் வழங்குகிறது. தமிழும் கன்னடமும் அந்த அட்டவணையில் உள்ளவையே.