எடை மேஜை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் பல்கலைக்கழக மல்யுத்த அணியில் இரண்டாம் ஆண்டு. சீசனுக்கு முன் நடந்த பரிசோதனையில் எடை 145 பவுண்ட், உடல் கொழுப்பு 13 சதவீதம். 133 பவுண்ட் பிரிவில் ஒரு சீனியர் இருக்கிறார், அவரை அசைக்க முடியாது. கோச் அதற்கு அடுத்த 141 பிரிவுக்கு ஏறச் சொல்கிறார். இவனோ 125க்கு இறங்குவேன், அப்புறம் ஒலிம்பிக் ரெட்ஷர்ட் எடுத்து (ஒலிம்பிக் பயிற்சிக்காகக் கல்லூரிப் போட்டிகளை ஒரு சீசன் விட்டுவிடுவது) 2028க்கு 57 கிலோவில் தயாராவேன் என்கிறான். வீட்டுக்கு வந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறான். யார் பேச்சைக் கேட்பது? (ஓஹையோவிலிருந்து ஒரு தாய்)

பதில்: கோச் பேச்சை. அவர் சொல்கிறார் என்பதற்காக இல்லை, சகோதரி. நீங்கள் எழுதிய இரண்டு எண்களே போதும். 145ல் கொழுப்பைக் கழித்தால் மிஞ்சுவது 126 பவுண்டும் கொஞ்சமும். அதாவது ஒரு துளி கொழுப்பு இல்லாமல் போனாலும் உங்கள் பிள்ளை 125க்குள் அடங்க மாட்டான்! கல்லூரி விதிப்படி குறைந்தது 5 சதவீதக் கொழுப்பு உடம்பில் இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கில் அவன் இறங்கக்கூடிய எல்லை 132.8. உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்த பிறகுதான் இந்த அளவையே எடுப்பார்கள், ஏமாற்றுவது எளிதில்லை. வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. 133க்கு வரவே ஆறு வாரம் பிடிக்கும்.

இந்தக் கெடுபிடி சும்மா வரவில்லை. 1997 நவம்பர், டிசம்பரில் சுமார் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் எடை குறைக்கும்போதே இறந்தார்கள். அதன் பிறகுதான் வியர்த்து எடை குறைக்க அணியும் ரப்பர் உடையும், சூடான சானா அறையும் தடையாகின. 118ல் இருந்த மிகச் சிறிய பிரிவு 125 ஆனது. எடை பார்ப்பதையும் போட்டி நேரத்தை ஒட்டிக் கொண்டுவந்தார்கள்.

நான் பதினோரு வருடம் எடை மேஜையில் உட்கார்ந்தவன். ஒரு பையன் வந்தான், 0.2 பவுண்ட் கூடுதல். துண்டைப் பிடிக்கச் சொல்லி உள்ளாடையையும் கழற்றிவிட்டு ஏறினான். சரியாக நின்றது. கை தட்டினார்கள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தான். விரல்கள் நடுங்கின, தோலை உரிக்க வரவில்லை. நான்தான் உரித்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து முதல் பீரியடிலேயே மல்லாந்து கிடந்தான். அன்றிலிருந்து எடை மேஜையில் யாராவது கை தட்டினால் எனக்குப் பிடிப்பதில்லை.

ஒலிம்பிக் பக்கம் வருவோம். கல்லூரியில் பத்துப் பிரிவுகள். ஒலிம்பிக் மல்யுத்த பாணிகளில் ஒன்றான பிரீஸ்டைலில் ஆண்களுக்கு ஆறுதான்: 57, 65, 74, 86, 97, 125 கிலோ. 57 கிலோ என்றால் 125 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் மகன் அங்கேதான் கணக்குப் போட்டிருக்கிறான். ஆனால் அங்கே இரண்டு நாள் காலையிலும் தராசில் ஏற வேண்டும். பாரிஸில் வினேஷ் போகாட் முதல் நாள் மூன்று பேரை வென்றுவிட்டு மறுநாள் காலை 100 கிராமில் இறுதிப் போட்டியை இழந்தது நினைவிருக்கும். அதே பாரிஸில் 57 கிலோ தங்கம் வென்ற ஜப்பானின் ரெய் ஹிகுச்சி, 2021 தகுதிச் சுற்றில் 50 கிராம் கூடி வெளியேறியவர். இருவருமே உலகின் தலைசிறந்தவர்கள், அவர்களுக்கே இந்தக் கதி.

65 கிலோ என்பது 143 பவுண்ட். 141ல் ஆடுகிறவனுக்கு அதுதான் இயல்பான வழி. முதல் வருடம் அங்கே இருப்பவர்கள் இவனைப் பாயோடு பாயாக அழுத்துவார்கள், பரவாயில்லை. சாப்பிட்டுக்கொண்டே தோற்கட்டும்.

ரெட்ஷர்ட் பேச்சு அதன் பிறகு. கல்லூரி சீசனை விட்டுவிட்டுப் பிரீஸ்டைல் மட்டும் பழகலாம், ஆடும் தகுதி வருடம் குறையாது என்பது உண்மை. பயனும் உண்டு. 2024ல் கல்லூரிச் சாம்பியன்ஷிப் மார்ச் கடைசியில் முடிந்தது, ஒலிம்பிக் தேர்வு ஏப்ரல் 19ல் தொடங்கியது. எதிராளியை அடக்கிப் பிடித்துப் புள்ளி சேர்க்கும் கல்லூரி பாணியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாறுவது லேசில்லை. ஆனால் ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு அமெரிக்கர்தான் போக முடியும். தேசிய அளவில் ஏதாவது சாதித்தவனுக்குத்தான் அந்த வருடத்தைத் தியாகம் செய்வதில் அர்த்தம். உங்கள் பிள்ளை முதலில் அணியில் ஒரு இடம் பிடிக்கட்டும்.

இன்று இரவு அவனிடம் 132.8 என்ற எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். தட்டை நகர்த்தி வைப்பது அப்புறம்.

கேள்வி: ஒலிம்பிக்குக்காக ஒதுங்கியிருந்துவிட்டு மனம் மாறிக் கல்லூரி அணிக்கே திரும்பியவர் உண்டா? (டெக்ஸாஸ் வாசகர்)

பதில்: ஓஹையோ ஸ்டேட்டின் கைல் ஸ்னைடர். 2015ல் 19 வயதில் 97 கிலோவில் உலகச் சாம்பியன். அடுத்த சீசனை ஒலிம்பிக்குக்காக விடுவதாக இருந்தவர், ஜனவரியில் திரும்பி வந்தார். அதுவும் எடையைக் குறைத்து இல்லை, ஏறி! 285 பவுண்ட் வரை அனுமதிக்கும் ஹெவிவெயிட்டில் நுழைந்து, தன்னைவிடக் கனமான, இரண்டு முறை கல்லூரிச் சாம்பியனான நிக் குவியாஸ்டௌஸ்கியைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தினார். அந்த ஆகஸ்டிலேயே ரியோவில் தங்கம். ஆனால் ஸ்னைடரைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், அவர் வேறு ரகம்.

கேள்வி: ரெட்ஷர்ட் என்கிறீர்களே, அது ஏன் சிவப்புச் சட்டை? (பெயர் வேண்டாம்)

பதில்: 1937ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஒரு அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்தார். அப்போது எண் இல்லாத சிவப்புச் சட்டை போட்டிருந்தாராம். பெயர் ஒட்டிக்கொண்டது.