பட்டாணி விதை வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட இடம் இருக்கிறது. பச்சைப் பட்டாணி போடலாம் என்று ஆன்லைனில் அர்கல் ரகம் மூன்று பொட்டலம் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் விதையெல்லாம் சுருங்கி வற்றிப்போய்க் கிடக்கிறது. பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்களா? திருப்பி அனுப்பிவிடட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம். உரித்துச் சமைக்கிற இனிப்புப் பட்டாணியின் விதை காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். அதில் மாவுச்சத்து குறைவு, சர்க்கரை அதிகம். முற்றும்போது நீர் கோத்துக்கொண்டு பெருத்திருந்து, காயும்போது சுருங்கிவிடுகிறது. மெண்டல் தன் தோட்டத்தில் உருண்டை, சுருக்கம் என்று பிரித்துப் பிரித்து எண்ணினாரே, அதே சுருக்கம்தான். அர்கல், போனவில் இரண்டுமே சுருக்க விதை ரகங்கள். அர்கல் என்று எழுதிவிட்டு மொழுமொழுவென்று உருண்டையாக அனுப்பியிருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

பழசா புதுசா என்பதை விதையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பொட்டலத்தின் பின்பக்கம்தான் சொல்லும். ரகத்தின் பெயர், குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத் திறன், பரிசோதனை செய்த தேதி, எதுவரை செல்லும் என்பது எல்லாம் அங்கே இருக்க வேண்டும். பட்டாணிக்கு முளைப்புத் திறன் குறைந்தது 75 சதவீதம். பலர் பேக்கிங் தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். பெரிய மூட்டையிலிருந்து நேற்று பிரித்துக் கட்டினாலும் பேக்கிங் தேதி நேற்றைய தேதிதான். நமக்கு வேண்டியது பரிசோதனைத் தேதி, அதிலிருந்து 9 மாதம்தான் கணக்கு. நீல அட்டை இருந்தால் சான்று விதை, அதாவது அரசின் சான்றளிப்பு அமைப்பு சோதித்துச் சான்று கொடுத்தது, பச்சை அட்டை என்றால் உண்மைநிலை விதை, அதாவது விற்பவரே தன் பொறுப்பில் தரத்தைச் சொல்கிறார். எந்த அட்டையும் இல்லாமல் படமும் பெயரும் மட்டும் இருக்கிற பொட்டலத்தை வாங்காதீர்கள்.

சரி, கையில் இருப்பதை எப்படிச் சோதிப்பது? 20 விதையை எண்ணி எடுங்கள். ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வையுங்கள், துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாளிலேயே தோல் வெடித்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். எட்டு நாளில் 15 விதையாவது முளைத்திருக்க வேண்டும். போன வருஷம் ஒரு கடையில் வாங்கியதை இப்படி வைத்தபோது எனக்கு 9தான் முளைத்தது, மீதி விதைகள் கொழகொழத்து நாறிப்போயின. அதைப் பாத்தியில் போட்டிருந்தால் குளிர் மேலேயும் மழை மேலேயும் பழியைப் போட்டிருப்பேன். ஆனால் ஒன்று, சுருக்க விதைக்குக் குளிர்ந்த சொதசொத மண் ஆகவே ஆகாது, சீக்கிரம் அழுகிவிடும். நீர் வடியும் மேட்டுப் பாத்தியில் போடுங்கள். மலைக்குப் பிப்ரவரி-மார்ச், அக்டோபர்-நவம்பர் இரண்டும் விதைப்புப் பருவம். உறைபனி விழுகிற பள்ளமாக இருந்தால் முதல் பருவமே நல்லது, இலை தாங்கினாலும் பூ தாங்காது.

விதை சிவப்பாகவோ ரோஸாகவோ இருந்தால் பூஞ்சாண மருந்து பூசியது, குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள்.

அளவையும் யோசித்து வாங்குங்கள். 10 கிராம் பொட்டலத்தில் ஏறக்குறைய 50 விதைதான் இருக்கும். ஒரு கிலோ காயை உரித்தால் அரைக் கிலோ பட்டாணி கிடைப்பதே பெரிது. நாலு பேருக்கு ஒரு வேளை குருமா வைக்கவே பத்துப் பதினைந்து செடி மொத்தமாகக் காய்க்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாமல் பத்து நாள் இடைவெளி விட்டுப் போடுங்கள். பந்தலுக்கு என்று விற்கிற நைலான் வலைக்குக் காசு கொடுக்க வேண்டாம். அர்கல் குட்டைச் செடி. உங்கள் ஊரில் தேயிலைக் கவாத்துக் குச்சி கிடைக்காமலா போகும்? கிளை கிளையாக இருக்கிற அந்தக் காய்ந்த குச்சியை ஊன்றினால் கொடி தானே பற்றிக்கொள்ளும்.

கேள்வி: மளிகைக் கடைப் பட்டாணியையே விதைத்தால் என்ன? கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே.

பதில்: சில முளைக்கும். ஆனால் அது என்ன ரகம், உங்கள் பருவத்துக்கு ஒத்துவருமா என்று யாருக்கும் தெரியாது, பெரும்பாலும் மாவுப் பட்டாணிதான், உரித்துச் சாப்பிட்டால் இனிக்காது. உடைத்த பட்டாணியும், வெந்நீரில் போட்டெடுத்து உறையவைத்த ஃப்ரோசன் பட்டாணியும் முளைக்கவே முளைக்காது. இன்னொன்று, சமைக்க வாங்கும் காய்ந்த பட்டாணி கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தண்ணீர் பச்சையானால் சாயம் ஏற்றியது, அதைச் சமைக்க வேண்டாம்.

கேள்வி: “ஹைப்ரிட்”, “மரபணு மாற்றம் செய்யாதது” என்று போட்ட பொட்டலம் இரண்டு மடங்கு விலை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்தியாவில் விவசாயிகளுக்கு விற்கப்படும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான். இல்லாத பட்டாணியை இல்லை என்று சொல்வதற்கு எதற்குக் கூடுதல் பணம்? ஹைப்ரிட், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கும் விதை, அந்தக் கதையும் அப்படித்தான். பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே தனக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், கடையில் கிடைப்பவை அநேகமாக எல்லாமே தாய் குணம் மாறாத ரகங்கள். அதனால் நல்ல விதையை ஒரு தடவை வாங்கினால் போதும். வாட்டமான ஐந்தாறு செடியின் காயைப் பறிக்காமல் செடியிலேயே சலசலக்கக் காயவிட்டு எடுத்து வையுங்கள், அடுத்த பருவத்துக்கு அதுவே விதை.

கேள்வி: முளைக்காத விதைக்குப் பணம் கேட்டால் “உங்கள் மண் சரியில்லை” என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?

பதில்: இந்தப் பதிலைக் கேட்காத ஆளே இல்லை. 2012-ல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. விதை முழுவதையும் விதைத்துவிட்டார்கள், சோதிக்க மிச்சமில்லை என்பதை வைத்து நிறுவனம் தப்பிக்கவும் விடவில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கிய நீங்கள் நுகர்வோர் என்பதில் கேள்வியே இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யுங்கள், சின்னத் தொகை பலவும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. பில், குவியல் எண் தெரிகிற காலிப் பொட்டலம், ஈரத் துணிச் சோதனையின் முதல் நாள் படம், எட்டாம் நாள் படம் நான்கும் கையில் இருக்கட்டும். அடுத்த முறை ஒரு பிடி விதையைப் பொட்டலத்தோடு தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை விதையுங்கள்.