கிராங்க் புல்லி ஆடுகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சேலம்): 2003 மாடல் குவாலிஸ் டீசல் வைத்திருக்கிறேன். ஐடிலில் நிற்கும்போது கிராங்க் புல்லி தட்டு ஆடுவதுபோல் ஆடுகிறது. பெல்ட்டின் ஓரம் பிசிறு விடுகிறது. கிராங்க் வளைந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி இருக்கிறதா?

பதில்: இன்ஜினை இறக்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கின் முனை வளைவது அரிது. முன்பக்கம் பலமாக இடித்த வண்டியிலோ, புல்லியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றிய வண்டியிலோதான் அப்படி நடக்கும். இந்த வயதுள்ள டீசலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது புல்லிக்குள் இருக்கும் ரப்பரை.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இரும்புத் துண்டுபோலத் தெரியும். உண்மையில் அது இரண்டு துண்டு. கிராங்க் முனையில் உட்காரும் நடு ஹப் ஒன்று, பெல்ட் ஓடும் கனமான வெளி வளையம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை. ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும்போதும் கிராங்க் சற்று முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் ரப்பரும் வளையமும். அதனால்தான் இந்தப் புல்லிக்கு டேம்பர் என்றும் பெயர். இருபது வருட வெப்பத்தில் ரப்பர் வெடிப்பு விடும். முன் ஆயில் சீல் கசிந்தால் இன்னும் சீக்கிரம் ஊறிக் கழன்றுவிடும். அதன் பிறகு வளையம் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

சோதனைக்குக் காசு செலவில்லை. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, புல்லியின் முகத்தைத் துடைத்துவிட்டு, ஹப்பிலிருந்து ரப்பரைக் கடந்து வெளி வளையம் வரை வெள்ளை பெயின்ட்டால் நேர்கோடு ஒன்று போடுங்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு ரப்பரில் முறிந்து, வளையத்தில் உள்ள பாதி நகர்ந்திருந்தால் ரப்பர் விட்டுவிட்டது. கோடு நேராகவே இருந்தும் ஆட்டம் தெரிந்தால் ரப்பர் ஒரு பக்கம் மட்டும் பிதுங்கியிருக்கலாம், அல்லது ஹப்பே சரியாக உட்காராமல் இருக்கலாம்.

அடுத்தது டயல் கேஜ், அதாவது துளி அசைவையும் அளந்து காட்டும் கருவி. காந்த ஸ்டாண்டை பிளாக்கில் ஒட்டி, ஊசியை முதலில் ஹப்பின் முகத்திலும் பிறகு வெளி வளையத்தின் முகத்திலும் வையுங்கள். இன்ஜினை ஸ்பானரால் கையால் சுற்றுங்கள். சுற்றும்போது கிராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ட் ப்ளேயும் (கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி) சேர்ந்து கணக்கில் வந்துவிடும். ஹப் அசையாமல் வளையம் மட்டும் ஆடினால் டேம்பர் போச்சு. ஹப்பும் சேர்ந்து ஆடினால் புல்லியைக் கழற்றி, கிராங்க் முனையிலேயே நேராக ஊசியை வைத்துப் பாருங்கள். முனை ஆடினால்தான் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. வளையத்தின் ஆட்டம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது என்றால் அது 1 மி.மீ. அளவைத் தொட்டிருக்கும். அந்த நிலையில் நான் டேம்பரை மாற்றச் சொல்வேன்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் வண்டியில் அந்த பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. பிரேக்குக்கு வாக்குவம் தரும் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால்தான் இருக்கிறது. வளையம் கழன்று பெல்ட் விழுந்தால் சார்ஜ் நிற்கும், இன்ஜின் சூடேறும், பிரேக் மிதியும் கல்லாகிவிடும். ஏற்காடு மலையில் இறங்கும்போது அப்படி ஆனால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாற்றும்போது பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஃபேன் ஷ்ரவுடை எடுத்து இடம் உண்டாக்குங்கள். நடு போல்ட்டைக் கழற்ற ஐந்தாவது கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். ஸ்பானரைச் சட்டத்தில் முட்டவைத்து ஸ்டார்ட்டரை அடித்துக் கழற்றும் பழக்கம் வேண்டாம், ஸ்பானர் வழுக்கினால் கை போகும். புல்லியை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரின் போல்ட்டுகள் ஹப்பில் உள்ள மரை துளைகளில் ஏற வேண்டும். வெளி வளையத்தில் கொக்கி மாட்டி இழுத்தால் நல்ல ரப்பரும் கிழியும். புதிய டேம்பர் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போய், பெல்ட் காடிகளின் இடம், டைமிங் குறி, எடை மூன்றையும் ஒப்பிடுங்கள். கூடவே முன் ஆயில் சீலையும் மாற்றுங்கள். சீலை விட்டுவிட்டால் புது ரப்பரும் எண்ணெயில் ஊறும்.

கேள்வி (திருநெல்வேலி): கழன்ற டேம்பர் வளையத்தை ஹப்போடு வெல்டிங் வைத்துக் கொடுப்பதாக ஒரு லேத் பட்டறையில் சொல்கிறார்கள். செலவு மிச்சம்தானே?

பதில்: வேண்டாம். வெல்டிங் வைத்த அன்றே ஆட்டம் நிற்கும், ஆனால் அது டேம்பராகவே இருக்காது. முறுக்கு அதிர்வு முழுவதும் கிராங்குக்குத் திரும்பிப் போகும், நாளடைவில் கிராங்கில் வெடிப்பு விழும். வளையமும் அநேகமாக நடு மையத்தில் உட்காராது. துளை போட்டு போல்ட் பூட்டுவதும் இதே தவறுதான். பழைய இருப்புக் கடையில் அதே மாடல் கிடைத்தால் ரப்பரில் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். கல்போல இறுகியிருந்தால் அதையும் வாங்காதீர்கள்.

கேள்வி (ஊட்டி): ஜிப்ஸியில் டைமிங் பெல்ட் மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. இப்போது முன்பக்கம் டக் டக் என்று சத்தம், புல்லியிலும் ஆட்டம். இழுவையும் குறைந்துவிட்டது. போல்ட்டை இறுக்கினார்கள், ஒரு வாரத்தில் மறுபடி அதே கதை. புது கீ போட்டால் போதுமா?

பதில்: இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது, ஏனென்றால் முதல் நாளே சரியாக இறுக்கியிருந்தால் இந்தப் பழுது வந்திருக்காது.

புல்லியைக் கிராங்கின் மேல் வழுக்காமல் பிடிப்பது கீ, அதாவது கிராங்கின் காடியில் உட்காரும் சின்ன இரும்புத் துண்டு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கீ வெறும் அடையாளம், டைமிங் பெல்ட் ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்று காட்டுவதற்கு. பிடிப்பது நடு போல்ட்டின் இறுக்கம். அந்த இறுக்கத்தில் முகங்கள் ஒன்றோடொன்று அழுந்தி, உராய்வால்தான் சுமையைத் தாங்குகின்றன. போல்ட் சற்றே தளர்ந்தால் அந்தச் சுமை முழுவதும் சின்னக் கீயின் மேல் விழும். இன்ஜின் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னும் பின்னும் உதைக்கிறது. உதைக்கு உதை கீ தேய்ந்து, அது உட்காரும் காடியான கீ வேயும் அகன்றுகொண்டே போகும். நீங்கள் கேட்கும் டக் டக் அதுதான். அதைப் பலர் பேரிங் சத்தம் என்று தவறாக எடுத்து இன்ஜினைப் பிரித்துவிடுகிறார்கள்.

இழுவை குறைந்ததும் இதன் விளைவே. உங்கள் வண்டியில் புல்லி சிறு போல்ட்டுகளால் ஸ்ப்ராக்கெட்டோடு பூட்டப்பட்டிருக்கிறது, நடு போல்ட் ஸ்ப்ராக்கெட்டைக் கிராங்கோடு பிடிக்கிறது. ஸ்ப்ராக்கெட் ஆடினால் வால்வ் டைமிங்கும் ஆடும். ஆகவே இது பெல்ட் ஓடும் புல்லியின் தொல்லையாக மட்டும் நிற்காது. வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள்.

சோதிக்கும் விதம்: ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கியரில் போட்டு இன்ஜின் சுற்றாமல் நிறுத்துங்கள். புல்லியை இரு கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள். கிராங்க் அசையாமல் புல்லி மட்டும் துளி நகர்ந்தாலும் கீ வே அகன்றிருக்கிறது, அல்லது சிறு போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. வாஷரைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால் இரும்பும் இரும்பும் உரசுவதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கழற்றியதும் புது கீயைக் கிராங்கின் காடியில் விரலால் அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் அசையாமல் பிடித்தால் நல்லது: புது கீ, புது போல்ட், தடித்த வாஷர், தேவைப்பட்டால் புது ஸ்ப்ராக்கெட். இலேசாக அசைந்தால், உலோகத்தை ஒட்ட வைக்கும் இடைவெளி நிரப்பிப் பசை ஒரு வழி. லாக்டைட் 660 போன்றவை 0.5 மி.மீ. வரையிலான இடைவெளிக்கென்றே வருபவை. முகங்களை ஒரு துளி எண்ணெயும் இல்லாமல் துடைத்து, பசையைக் கிராங்க் முனையிலும் காடியிலும் மட்டும் தடவுங்கள், சீல் உதட்டில் படக் கூடாது. முழுதும் இறுகும் வரை, 24 மணி நேரம், இன்ஜினைத் தொடாதீர்கள். காடியின் ஓரமே சிதைந்து, கீ சாய்ந்து நிற்கும் அளவுக்கு அகன்றிருந்தால் பசை நிற்காது. லேத்தில் காடியை நேராக வெட்டிப் படிக்கீ (கிராங்க் பக்கம் மட்டும் அகலமான கீ) போட வேண்டும், அல்லது வேறு கிராங்க்.

போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால்தான் இறுக்க வேண்டும். ஜிப்ஸியில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு இன்ஜின்கள் வந்தன, இறுக்க அளவும் ஒன்றல்ல. உங்கள் இன்ஜின் எண்ணுக்குரிய சர்வீஸ் மேனுவல் சொல்வதை எடுங்கள், கைக்கணக்கு வேண்டாம். உங்கள் வண்டி ஒரு வாரத்தில் திரும்பவும் தளர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: முகங்களுக்கு நடுவே பெயின்ட்டோ துருவோ இருந்து பிறகு நசுங்கியது, அல்லது நீண்டுபோன பழைய போல்ட். இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து ஸ்ப்ராக்கெட் வரை பெயின்ட் கோடு போடுங்கள். ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், கோடு முறிந்திருக்கிறதா என்று.

கேள்வி (டொரொன்டோ): 1990 மாஸ்டா மியாட்டா ஒன்று வாங்க நினைக்கிறேன். புல்லி சற்று ஆடுகிறது, பெரிய விஷயம் இல்லை என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: புல்லியின் முகத்தில் உள்ள வெட்டுகளை முதலில் எண்ணுங்கள். நான்கு என்றால் அது குட்டை முனைக் கிராங்க். 1990-லும் 1991-ன் முற்பகுதியிலும் வந்த 1.6 லிட்டர் இன்ஜின்களில் இருப்பது இதுதான். எட்டு என்றால் பிறகு வந்த நீள முனை. குட்டை முனையில் கிராங்கைப் பற்றும் பரப்பு குறைவு. ஜிப்ஸி வாசகருக்குச் சொன்ன அதே நோய் இந்த வண்டிக்குப் பேர்போனது.

இக்னிஷன் நேரத்தைப் பார்க்க உதவும் டைமிங் லைட் எடுத்துப் போங்கள். டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்ற முனைகள் இரண்டையும் ஒரு வயரால் இணைத்தால் ஐடிலில் புல்லியின் டைமிங் குறி 10 டிகிரியில் நிற்க வேண்டும். இதில் இக்னிஷன் சென்சார் கேம் ஷாஃப்டில் இருப்பதால், கீ வே அகன்றிருந்தால் குறி அலைபாயும். குறி ஓரிடத்தில் நிற்காத வண்டியை நான் வாங்க மாட்டேன். வாங்கியே தீருவேன் என்றால் கிராங்க் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

குறி அசையாமல் நின்று, ஆட்டம் புல்லியில் மட்டும் என்றால் கவலை குறைவு. புல்லியைப் பிடிக்கும் நான்கு சிறு போல்ட்டுகளை 12 முதல் 17 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிப் பாருங்கள். குட்டை முனைக் கிராங்கின் நடு போல்ட்டுக்கு 108 முதல் 118. இந்த இரண்டு எண்களும் மாறிப்போனால் சிறு போல்ட்டுகள் முறியும்.

கேள்வி (மதுரை): பழைய 1489 சி.சி. அம்பாசடர். புல்லி சுழலும்போது ஆடவில்லை. கிளட்ச்சை மிதித்தால் மட்டும் முன்னால் நகர்கிறது. என்ன கோளாறு?

பதில்: புல்லியில் ஒன்றும் இல்லை, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. கிளட்ச்சை மிதிக்கும்போது அந்த அழுத்தம் கிராங்கை முன்னால் தள்ளுகிறது. டயல் கேஜை புல்லியின் நடுவில் வைத்து ஒருவரை மிதித்து விடச் சொல்லுங்கள். ஊசி எவ்வளவு நகர்கிறது என்பதை எழுதிக்கொண்டு மேனுவலின் அளவோடு ஒப்பிடுங்கள். அந்த இன்ஜினில் த்ரஸ்ட் வாஷர்கள் நடு மெயின் பேரிங்கில் இருக்கின்றன, ஆகவே கிராங்கைக் கழற்ற வேண்டாம். சம்ப்பை (இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இறக்கி, நடு பேரிங்கின் கேப்பைக் கழற்றினால் மேல் பாதிகளை மெல்லச் சுழற்றி வெளியே எடுக்கலாம். புது வாஷரைப் போடும்போது எண்ணெய்க் காடி உள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து, கிராங்கின் முகத்தையும் தின்றுவிடும். சம்ப்பில் வெண்கல நிறத் துணுக்குகள் கிடந்தால், எண்ணெய்ப் பம்பின் வலையையும் அப்போதே கழற்றிக் கழுவிவிடுங்கள்.