மழைக்காலக் காய்ச்சல்: கேளுங்கள், சொல்கிறேன்

ஐப்பசி அடைமழை தொடங்கியதிலிருந்து கிளினிக்கில் பாதிப்பேர் ஃப்ளூ காய்ச்சல்காரர்கள்தான். பொது மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் நாலு பேருக்கும் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கிப் போடலாமா?

வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது ஃப்ளூவா டெங்குவா என்று முதல் இரண்டு நாளில் எனக்கே பார்த்த மாத்திரத்தில் தெரியாது, அந்தப் பொட்டலத்தில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருந்து, வந்தது டெங்குவாகவும் இருந்துவிட்டால் ரத்தக்கசிவு வரை போகலாம். பாரசிட்டமால் மட்டும் போடுங்கள். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாரசிட்டமால் இருக்கிறது, அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள். கஞ்சி, மோர், இளநீர் எது இறங்குகிறதோ குடியுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், சிறுநீர் குறைந்தால், விட்ட காய்ச்சல் திரும்ப வந்தால் வீட்டில் இருக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம், அதையும் மறக்க வேண்டாம்.

அசித்ரோமைசின் மூன்று நாள் போட்டால் சீக்கிரம் குணமாகுமா?

ஆகாது. ஃப்ளூ வருவது வைரஸால், அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக். 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே இதைப் பற்றி எச்சரித்தது.

சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு 67 வயது. ஃப்ளூ தடுப்பூசி போடலாமா?

கட்டாயம் போடுங்கள், வருடா வருடம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருட ஊசி போதாது. பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், அதனால் மழைக்கு முன்பே போட்டிருந்தால் நல்லது, இப்போதும் தாமதமில்லை. கர்ப்பிணிகளும் போடலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள், ஃப்ளூ வைரஸுக்கான ஓசல்டமிவிர் மருந்தை அதற்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.

இரண்டு மாதக் குழந்தைக்கு உடம்பு சுடுகிறது.

இதைப் படிக்காதீர்கள். இப்போதே குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் வைரஸ் சாகுமா?

சாகாது. மூக்கடைப்பு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். குழந்தைகளுக்குப் பிடிக்காதீர்கள்.

பாட்டி காலத்திலிருந்து பிடிக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு டாக்டர்?

ஆகியிருக்கிறது. போர்வைக்குள் உட்கார்ந்த நாலு வயதுப் பையன் காலை நீட்டியதில் கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து தொடையெல்லாம் வெந்துபோய் என்னிடம் வந்தான். சளி ஒரு வாரத்தில் போயிருக்கும், தழும்பு போகவில்லை. பாட்டியின் மிளகு ரசத்தையோ சுக்குக் கஷாயத்தையோ நான் குறை சொல்லவில்லை, தொண்டைக்கு இதமாக இருக்கும், எங்கள் வீட்டிலும் வைப்போம்.

அப்படியானால் வேப்பரைசர் வாங்கலாமே?

அதிலும் இருப்பது கொதிநீர்தானே! குழந்தைக்கு உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து போதும். பெரியவர்கள் மேசைமேல் நிதானமாக வைத்துப் பிடியுங்கள்.

நிலவேம்புக் குடிநீர் எத்தனை நாள்?

சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

சளி மஞ்சளாக வருகிறது, ஆன்டிபயாடிக்...

மேலே சொல்லிவிட்டேன். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

பிள்ளையை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?

பாரசிட்டமால் இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு. தேர்வு இருந்தாலும்தான்.