பட்டறை பதில்கள்: நெயில் கன் பிடிக்கும் கைகளுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவியான நெயில் கன் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர் இன்டீரியர் கார்பென்டர். சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு ஃபிளாட்டில் லாஃப்ட் வேலை செய்யும்போது இடது ஆள்காட்டி விரலில் ஆணி ஏறிவிட்டது. கூட இருந்தவர் பிளேயரால் பிடுங்கி, துணி சுற்றி அனுப்பிவிட்டார். மூன்று நாளாகிறது. விரல் முழுக்க வீங்கியிருக்கிறது, நீட்டினால் வலிக்கிறது. 'சின்ன ஆணிதானே, தானா சரியாகும்' என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? – வாசகி, வியாசர்பாடி

அம்மா, இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள். விரல் முழுக்க வீங்கி, லேசாக மடங்கியே நின்று, நீட்டினால் வலி எடுக்கிறது என்றால் உள்ளே தசைநார் ஓடும் உறைக்குள் சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கலாம். அது ஒன்றிரண்டு நாளில் விரலையே மடங்காமல் செய்துவிடக்கூடியது. மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கும் விஷயம் இல்லை. உங்களுக்குக் கிட்டத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை அங்கே பல வருடமாக நடக்கிறது, நாட்டின் பல ஊர்களிலிருந்தும் அங்கே வருகிறார்கள். போகும்போது சாப்பாடு கொடுக்காமல் அழைத்துப் போங்கள், ஒருவேளை அன்றைக்கே ஆபரேஷன் தேவைப்படலாம். விரலில் மோதிரம் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள், வீக்கம் ஏற ஏற அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சின்ன ஆணி என்பதை வைத்து ஏமாற வேண்டாம். வெளியே தெரிவது ஒரு புள்ளி, உள்ளே அது எலும்பைத் தொட்டிருக்கலாம், மூட்டுக்குள் போயிருக்கலாம். கன்னில் போடுகிற ஆணிகள் வரிசையாக ஒட்டி வருகின்றனவே, அந்தப் பசை, பிளாஸ்டிக் துணுக்கு, கையுறையின் நூல், மரத்தூள் எல்லாம் ஆணியோடு சேர்ந்து உள்ளே போகும். பிடுங்கும்போது ஆணி மட்டும்தான் வரும், மற்றவை தங்கிவிடும். கம்பியால் கோத்து வரும் பெரிய ஆணிகளில் கம்பித் துண்டு முள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், வந்த வழியே இழுத்தால் நரம்பையும் தசைநாரையும் கிழித்துக்கொண்டு வரும். அதனால்தான் ஆணி குத்தியிருந்தால் சைட்டில் யாரும் பிடுங்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அப்படியே அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த பிறகு டாக்டர் எடுக்கட்டும். கையே பலகையோடு சேர்ந்து ஆணி அடித்துக்கொண்டால் பலகையை அறுத்து அந்தத் துண்டோடு கூட்டிப் போகலாம், அல்லது 108-ஐக் கூப்பிடலாம். மார்பு, கழுத்து, தலை, தொடை என்றால் யோசிக்கவே வேண்டாம், 108தான்.

டெட்டனஸ் ஊசி கடைசியாகப் போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் இந்த மாதிரி அழுக்குக் காயத்துக்கு மறுபடி போட வேண்டும். எப்போது போட்டது என்று நினைவில்லையென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சின்ன கான்ட்ராக்டர் நான், பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். 'பார்த்து அடிங்க, பார்த்து அடிங்க' என்று தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் வருஷத்துக்கு ஒருத்தர் இரண்டு பேர் கையில் அடித்துக்கொள்கிறார்கள். நல்ல அனுபவசாலிகளும்தான். என்ன செய்வது? – வாசகர், அம்பத்தூர்

சார், உங்கள் ஆட்கள் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். பிரச்சினை பெரும்பாலும் ட்ரிக்கரில் இருக்கிறது.

பெரும்பாலான கன்களில் மூக்கு முனையில், அதாவது ஆணி வெளியே வரும் இடத்தில், ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கும். அதை மரத்தில் வைத்து அழுத்தினால்தான் சுடும். இதில் இரண்டு வகை ட்ரிக்கர் பரவலாக வருகிறது. முதல் வகையில் ட்ரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டே மூக்கால் தட்டித் தட்டிப் போகலாம், தட்டும் ஒவ்வொரு முறையும் ஆணி இறங்கும். இரண்டாவது வகையில் முதலில் மூக்கை வைத்து அழுத்த வேண்டும், அப்புறம்தான் ட்ரிக்கர். ஒவ்வொரு ஆணிக்கும் ட்ரிக்கரை விட்டு விட்டு அழுத்த வேண்டும்.

தட்டி அடிக்கும் வகையில் என்ன நடக்கிறதென்றால், ஆணி இறங்கியதும் கன் பின்னால் உதைக்கிறது, கையோ முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது, விரலோ ட்ரிக்கரிலேயே இருக்கிறது. மூக்கு மறுபடி எதையாவது தொட்டால் இரண்டாவது ஆணி போய்விடும். அது முதல் ஆணியின் தலையில் பட்டு எகிறலாம், மரத்துக்கு வெளியே போகலாம், பக்கத்தில் பிடித்திருக்கும் கையில் ஏறலாம். ஏணியில் இறங்கும்போது விரல் ட்ரிக்கரிலேயே இருந்து, கன் தொடையில் இடித்தாலும் இதே கதைதான். இருபது வருட அனுபவம் இருந்தாலும் உதைப்பை யாராலும் நிறுத்த முடியாது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் 2011-ல் கான்ட்ராக்டர்களுக்காகவே ஒரு கையேடு வெளியிட்டன. தட்டி அடிக்கும் ட்ரிக்கரில் காயம்படும் அபாயம் மற்றதைவிட இரண்டு மடங்கு என்கிறது அது. அங்கே வீடு கட்டும் வேலையில் இருந்த பயிற்சித் தச்சர்களில் ஐந்தில் இரண்டு பேர் நான்கு வருடத்துக்குள் நெயில் கன்னால் அடிபட்டிருக்கிறார்கள். காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும்தான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கழிவுக் கட்டையைத் தரையில் வைத்து, ஆட்களை விலக்கி, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ட்ரிக்கரை முதலில் அழுத்திப் பிடித்த பிறகு மூக்கைக் கட்டையில் வைத்து அழுத்துங்கள். ஆணி இறங்கினால் தட்டி அடிக்கும் வகை. சில கன்களில் ஒரு சுவிட்சைத் திருப்பியே மாற்றிவிடலாம், சிலவற்றில் ட்ரிக்கரை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். புதுசு வாங்கும்போது பாரிமுனைக் கடையில் விலை பேசுவதற்கு முன்னால் இதைத்தான் கேளுங்கள். மூக்குப் பாதுகாப்பே இல்லாமல் ட்ரிக்கர் மட்டும் வைத்து வரும் சின்ன பின் கன்களும் உண்டு, அவற்றைப் புது ஆள் கையில் கொடுக்காதீர்கள். மூக்குத் தகட்டின் ஸ்பிரிங்கைக் கழற்றியோ, கம்பியால் இழுத்துக் கட்டியோ வைத்திருக்கும் கன் உங்கள் சைட்டில் ஒன்று இருந்தாலும் அதை அன்றைக்கே எடுத்து ஓரம் வைத்துவிடுங்கள்.

வேகம் குறையும் என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். கொஞ்சம் குறையும், உண்மைதான். அந்த நேரத்துக்கான கூலியை நீங்கள் கொட்டேஷனிலேயே சேர்க்க வேண்டும் சார், அதை அவர்கள் விரல் தலையில் கட்டக் கூடாது. இன்னொன்று, உங்கள் ஆட்களில் ராஜஸ்தான், உத்தரப்பிரதேசக்காரர்கள் இருந்தால் அவர்கள் மொழியில் சொல்ல ஒருவரை வைத்து, கன்னைக் கையில் வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிய காகிதத்தை யாரும் படிப்பதில்லை.

எனக்கு 19 வயசு, ஹெல்பரா இருக்கேன். மேஸ்திரி அலமாரிப் பெட்டிக்கு பேக் பேனல் (பின்பலகை) அடிக்கும்போது பெட்டியைப் பின்னாலிருந்து நான்தான் கையால் பிடிக்கணும். பயமா இருக்கு. சொன்னா கோபப்படுவார். – வாசகர், மாதவரம்

தம்பி, உன் பயம் சரியானது. அதை விட்டுவிடாதே.

கணக்கு ரொம்ப எளிது. 12 மில்லிமீட்டர் பிளைவுட் மேல் இன்னொரு 12 வைத்து 30 மில்லிமீட்டர் ஆணி அடித்தால் 6 மில்லிமீட்டர் மறுபக்கம் வெளியே வரும். அந்த இடத்தில் உன் உள்ளங்கை இருந்தால் அவ்வளவுதான். பேக் பேனலில் வேறு மாதிரி ஆபத்து. 18 மில்லிமீட்டர் பலகையின் ஓரத்தில் ஆணி நேராக இறங்கினால் சரி, ஆனால் பிராட் ஆணி மெல்லிசு, உள்ளே ஒரு கணுவிலோ பழைய ஸ்குரூவிலோ பட்டால் வளைந்து பலகையின் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எந்தப் பக்கம் வரும் என்று மேஸ்திரியாலும் சொல்ல முடியாது. அதனால் அடிக்கும் இடத்திலிருந்து குறைந்தது 12 அங்குலம், அதாவது ஒரு அடி தள்ளித்தான் கை இருக்க வேண்டும். அவர் கையும் சரி, உன் கையும் சரி. அவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியாத சின்னத் துண்டுகளுக்கு கிளாம்ப் (பலகையை இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட வேண்டும்.

மேஸ்திரியிடம் 'பயமா இருக்கு' என்று ஆரம்பிக்காதே. 'அண்ணே, கிளாம்ப் போட்டுட்டேன், நீங்க அடிங்க' என்று நீயே முந்திக்கொண்டு கிளாம்பைப் போட்டுவிட்டு நகர்ந்து நில். வேலையும் அசையாமல் நிற்கும், அவருக்கே பிடித்துப்போகும். அப்படியும் கையால்தான் பிடிக்கணும் என்று கட்டாயப்படுத்தினால், கான்ட்ராக்டரிடம் சொல்லு. இந்த வயதில் போகும் ஒரு விரல் உன் தொழிலையே மாற்றிவிடும் தம்பி.

ஆணி ஜாம் ஆகும்போதெல்லாம் கன்னுக்குக் காற்று வரும் ஹோஸைக் கழற்ற வேண்டுமா? – வாசகர், ஆவடி

ஆமாம், ஒவ்வொரு முறையும். கழற்றினவுடன் 'புஸ்' என்று கன்னில் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். வெளியேறவில்லை என்றால் கன் பக்கம் தப்பான கப்ளிங் (ஹோஸை மாட்டும் இணைப்பு) போட்டிருக்கிறார்கள், உள்ளே ஒரு ஷாட்டுக்கான காற்று அடைந்து நிற்கும், அதை முதலில் மாற்றுங்கள். அழுத்தத்தைக் கன் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள், பிராட் கன்னுக்கு 60 முதல் 100 பி.எஸ்.ஐ.க்குள் பெரும்பாலும் போதும். கம்ப்ரஸர் ரிப்பேர் என்று பக்கத்து வெல்டிங் ஆளிடம் ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கி மாட்டவே கூடாது, கன் வெடித்துவிடும்.

கண்ணாடி போட்டால் வேர்த்து மங்கிவிடுகிறது. அவசியமா? – வாசகர், கண்ணகி நகர்

மே மாதச் சென்னையில், ஃபேன் கூட மாட்டாத ஃபிளாட்டில் நாள் பூராவும் கண்ணாடியோடு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் அவசியம். கான்கிரீட், கீல், பழைய ஆணி என்று எதில் பட்டாலும் ஆணி எகிறும், எகிறுவது எப்போதும் முகத்தை நோக்கித்தான் என்று நினைத்தே அடிக்க வேண்டும். பக்கவாட்டு மூடியும் காற்றுத் துளையும் உள்ள, மங்காத பூச்சுக் கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள், கழுத்தில் ஒரு துண்டு, அடிக்கடி துடைப்பு. படிக்கிற கண்ணாடி இதற்கு உதவாது. கண்ணில் ஏதாவது குத்திவிட்டால் தேய்க்காமல், அழுத்தாமல், எடுக்காமல், ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து மூடிக்கொண்டு நேராக எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 1819-லிருந்து கண்ணுக்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரி அது.

அடிபட்டால் உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா? – வாசகர், எண்ணூர்

தச்சு வேலையும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் வருகிறது. 1994-லிருந்து இருக்கும் வாரியம், 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். விபத்துக்கு உதவி உண்டு, ஆனால் முன்னாலேயே பதிவு செய்திருக்க வேண்டும், புதுப்பித்திருக்க வேண்டும். அடிபட்டுப் போகும்போது 'வீட்டில் குத்திக்கிச்சு' என்று கான்ட்ராக்டருக்காக மாற்றிச் சொல்லாதீர்கள். சைட்டில் வேலை செய்யும்போது நடந்தது என்றே சொல்லி, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதச் செய்து, அதன் நகலையும் எக்ஸ்ரேயையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.