ஏற்காட்டில் ஒரு போதகர் தேர்தலில் நிற்க முடியுமா?

மலைக்கிராமத்து ரோட்டுக்காகவும் தோட்டக் கூலிக்காகவும் மனு கொடுத்து அலையும் சபைப் போதகர் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நிற்கலாம். போதகர் பணி அரசுப் பதவி அல்ல, சட்டத்தில் தடை இல்லை. 25 வயது ஆகியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். திருச்சபையின் அனுமதி தனி விஷயம், அதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

சிக்கல் தொகுதியில்தான். ஏற்காடு பழங்குடியினருக்கு (எஸ்.டி.) ஒதுக்கப்பட்ட தொகுதி. போதகர் ‘மலையாளி’ என்ற மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்தவர் என்றால் கிறிஸ்தவராக இருந்தாலும் நிற்கலாம், மதம் மாறினால் எஸ்.டி. தகுதி போகாது. ஆனால் கீழே இறங்கி ஆத்தூர், கெங்கவல்லி வந்தால் கதையே வேறு. அவை எஸ்.சி. தொகுதிகள். எஸ்.சி. பட்டியலை வகுத்த 1950 ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே எஸ்.சி. அதனால் தலித் கிறிஸ்தவப் போதகர் சொந்த ஊரிலேயே வேட்பாளராக முடியாது. இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். ஞானஸ்நானம் எடுத்ததால் ஊர் யாரையும் தெரு மாற்றி உட்கார வைப்பதில்லை.

அப்புறம், பிரசங்க பீடத்தில் ஓட்டுக் கேட்கவே கூடாது. மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988 சட்டப்படி வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை. “எனக்குப் போடாவிட்டால் கர்த்தர் கோபிப்பார்” என்று ஒரு வேட்பாளர் மிரட்டினால், ஜெயித்த பிறகும் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்யலாம். மத அடிப்படையில் வாக்குக் கேட்பதும் அப்படியே, 2017இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. ரோடு, கூலி, ரேஷன் பற்றித் தெருவில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.